டிரிஸ்ட்ரம் கிட்டாரும் கேம் கடவுள்களும்: அந்த உணர்வுக்கு என்ன பெயர்?

இரவுவாசி

நேற்று இரவு பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்தபோது டயாப்லோ என்ற கணினி கேமின் முதல் பாகத்து இசை கிடைத்தது. டிரிஸ்ட்ரம் ஊருக்கான இசையைப் போட்டேன். மாட் யூல்மன் பன்னிரண்டு தந்தி கிட்டாரை வைத்து அமைத்தது. ஹெட்ஃபோனில் முதல் தந்தி அதிர்ந்ததும் செய்துகொண்டிருந்த வேலை அப்படியே நின்றுபோனது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருபது வயதுவாக்கில் போனது. கோபித்துக்கொண்டு விட்டதில்லை, மெல்ல மெல்லக் கரைந்து ஒருநாள் தேடினால் இல்லை. ஆனால் நம்பிக்கை இருந்த நாட்களில் கண்ணை மூடி நின்றால் நெஞ்சுக்குள் ஓர் அமைதி இறங்குமே, நேற்று அந்தக் கிட்டாரில் அதே அமைதி இறங்கியது. பதினைந்து வருடத்துக்கு அப்புறம்.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1996 கடைசியில் வந்த கேம். டிரிஸ்ட்ரம் ஒரு சின்ன ஊர். ஓரத்தில் பாழடைந்த தேவாலயம், அதற்கு அடியில் 16 தளங்கள். இறங்க இறங்க நரகம் வரை போகும். மேலே ஊரில் ஒரு கொல்லர், ஒரு வைத்தியர், விடுதி நடத்துகிறவர், கதை சொல்லும் கிழவர். அந்தக் கிட்டார் இவர்களுக்கு நடுவில்தான் ஒலிக்கும். கவனித்துப் பாருங்கள், தேவாலயம் நரகத்தின் வாசலாக இருக்கிறது, புனிதமாகத் தோன்றும் இசை அதற்கு வெளியே, கொல்லன் பட்டறைப் பக்கம் கேட்கிறது.

என் கட்சி இதுதான். கேம்களில் வரும் கடவுள்கள் கடவுளே அல்ல, வரவுசெலவுக் கணக்கு. ஏஜ் ஆஃப் மைத்தாலஜியை (2002) எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கராக ஆடினால் ஊர்மக்களைக் கோயில் முன் நிறுத்தி வணங்க வைக்க வேண்டும், அருள் என்ற எண் ஏறும். எகிப்தியர் நினைவுச்சின்னம் கட்டினால் ஏறும். வட ஐரோப்பிய நார்ஸ் படை சண்டை போட்டால் ஏறும். ஏறியதைக் கொடுத்துப் புராண மிருகம் வாங்கலாம். சிவிலைசேஷன் 4இல் ஏழு மதங்கள் உண்டு, ஏழும் உள்ளே ஒரே மாதிரிதான் இயங்கும். இதில் நம்புவதற்கு என்ன இருக்கிறது? கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துவிட்ட பிறகு அது நம்பிக்கை இல்லை, சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிவது போல.

இசை அப்படி இல்லை. டிரிஸ்ட்ரம் கிட்டாரை எவ்வளவு நேரம் கேட்டாலும் உயிர் ஏறாது, தங்கம் சேராது. ஆனாலும் வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கி முடித்த பிறகும் கிளம்ப மனமில்லாமல் கிணற்றடியில் நின்றிருக்கிறேன். ஒரு கேமுக்குள் வழிபாட்டுக்கு மிக அருகில் வருவது அந்த நிற்றல்தான். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கேள்விக்குறி

மறுக்கிறேன். எனக்கும் அந்த இசை உயிர் என்பதால்தான் மறுக்கிறேன்.

நேற்று நீங்கள் கேட்டது உங்கள் பதினைந்து வயதை. பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் மனிதர்களுக்கு ஆயுள் முழுக்க அழுத்தமாக நினைவிருக்கும் என்று உளவியலில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். இசை கேட்டு மெய்சிலிர்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று 2001இல் பிளட், சட்டோர் என்ற இருவர் படம்பிடித்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடு கிடைத்தால் எந்தப் பகுதிகள் விழிக்குமோ அவையேதான் விழித்தன. இதற்கு மேல் ஒரு மர்மம் தேவையா?

இசை எதையும் கொடுக்காது என்கிறீர்களே, அது சரியில்லை நண்பரே. அது பாதுகாப்பைக் கொடுக்கிறது. கீழே இருட்டில் ஒரு மணி நேரம் அலறலைக் கேட்டுப் பயந்து, மருந்து தீர்ந்து, கடைசி நொடியில் ஊருக்குத் திரும்பும் மந்திரச் சுருளைப் பிரிக்கிறீர்கள். மேலே வந்தால் எவரும் தாக்க மாட்டார்கள். அந்த நிமிடத்தில் கதவு கிறீச்சிட்டால்கூடப் புனிதமாகத்தான் கேட்கும். யூல்மன் செய்தது அற்புதமான கைவேலை, அந்த இடம் தெரிந்து வைத்த கைவேலை.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது 'வழிபாடு' என்ற சொல். மனிதன் மரத்தில் கம்பி கட்டி விரல் தேயப் பழகி வாசித்ததை எடுத்து எதற்காகக் கடவுள் கணக்கில் எழுத வேண்டும்?

அகல்

நான் நம்புகிறவள். நீங்கள் இருவருமே நம்பிக்கையைச் சிலிர்ப்பு என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஒருவர் சிலிர்ப்பு வந்தது, அதனால் அது வழிபாடு மாதிரி என்கிறார். இன்னொருவர் சிலிர்ப்பு மூளையில் நடப்பது, அதனால் அது ஒன்றுமில்லை என்கிறார்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான நாட்களில் எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. மாதக்கணக்கில் வெறும் சுவரைப் பார்த்துப் பேசுவது போலத்தான் கும்பிட்டிருக்கிறேன். அப்படியும் மறுநாள் போய் நின்றேன். நம்பிக்கை என்றால் எனக்கு அந்த மறுநாள்தான். சிலிர்ப்பு வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் நான் போவேன்.

அப்புறம், கேம் கடவுள்கள் எல்லாம் கணக்குப் புத்தகம் என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டீர்கள். ஒகாமி (2006) ஆடியிருக்கிறீர்களா? சூரியதேவி அமதெராசு ஒரு வெள்ளை ஓநாயாக வருகிறாள். உடம்பில் சிவப்புக் கோடுகள் உண்டு, ஆனால் நம்பிக்கை இல்லாதவர்கள் கண்ணுக்கு அவை தெரியாது, வெறும் ஓநாய்தான் தெரியும். அவள் நாள் முழுக்கச் செய்வது என்ன? பட்ட மரத்தைப் பூக்க வைக்கிறாள், குருவிக்கும் முயலுக்கும் தீனி போடுகிறாள், ஒரு கிழவியின் துணி காய்வதற்கு வெயிலை வரவழைக்கிறாள். செய்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. உங்கள் கணக்கு அங்கே தலைகீழாக இருக்கிறது, கடவுள்தான் வேலை செய்கிறது, மனிதர்கள் கேட்கவே இல்லை.

கடைசிச் சண்டையில் எல்லாச் சக்தியும் போய் அவள் வெறும் ஓநாயாகக் கிடப்பாள். அவள் உதவிய ஒவ்வொருவராக நினைத்துப் பிரார்த்திக்கும்போது, ஷமிசென் என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியமும் ஷகுஹாச்சிக் குழலுமாக அந்த 'சூரியன் எழுகிறது' இசை கிளம்புமே. அதை நான் அழாமல் கேட்டதில்லை.

கேள்விக்குறி

அகல், அந்த இடத்தில் நானும் அழுதிருக்கிறேன், மறைக்க மாட்டேன். ஆனால் குருவிக்குத் தீனி போட்டதற்குக்கூட அங்கே 'போற்றுதல்' என்று புள்ளி வரும். அந்தப் புள்ளியைக் கொடுத்து ஆயுளைக் கூட்டிக்கொள்ளலாம். கணக்கு இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மனிதர்கள் நம்பினால்தான் அந்த தேவிக்குச் சக்தி. நம்பிக்கை போனால் அவளும் இளைத்துப்போகிறாள். அப்படியென்றால் கடவுளை நிலைநிறுத்துவது மனிதன். இதைத்தானே நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்? கதையில் இருந்தால் அழுகிறீர்கள், நாங்கள் சொன்னால் மறுக்கிறீர்கள்.

அகல்

கோபமில்லை. கடவுளுக்கு என் நம்பிக்கை தேவை என்று நான் நினைக்கவில்லை, எனக்குத்தான் அது தேவை. அந்தக் கதையை நான் இறையியலாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றி மறந்த ஊர் ஒன்று கடைசியில் நன்றி சொல்லக் கற்றுக்கொள்கிறது, அதற்குத்தான் என் கண்ணீர். புள்ளியைப் பற்றிச் சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் குழந்தையும் அந்தக் குருவிகளுக்குத் தீனி போடும்போது புள்ளியை எண்ணிக்கொண்டிருக்காது. என் மகள் புள்ளி எல்லாம் நிரம்பிய பிறகும் தேடித் தேடிப் போட்டாள்.

பன்னிருதந்தி

இருபது வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். கடவுள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து இல்லை, ஆனால் அந்த ஒலி எப்படி வருகிறது என்று தெரியும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு தந்தி என்றால் ஆறு ஜோடி. மேல்ஸ்தாயி ஜோடிகள் இரண்டிலும் ஜோடிக்குள் இரு தந்திக்கும் ஒரே சுருதி. கீழ்ஸ்தாயி ஜோடிகள் நான்கிலும் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி உயரம். எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் ஒரு ஜோடி நூற்றுக்கு நூறு பொருந்தாது. மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தில் ஒலி மெல்ல அலையடிக்கும். அதனால் காதுக்கு ஒருவர் வாசிப்பதாகத் தோன்றாது, பின்னால் இன்னும் யாரோ இருப்பது போல இருக்கும். டிரிஸ்ட்ரமில் எல்லோரும் உணர்ந்த அந்த 'யாரோ இருக்கிறார்கள்' என்பதில் பாதி இந்த மயிரிழைதான்.

2013இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இசையிலும் இதே ஜோடித் தந்தி வித்தை உண்டு. குஸ்தாவோ சான்டாவோலாயா அதில் ரோன்ரோகோ என்ற ஆண்டிஸ் மலைநாட்டு வாத்தியத்தை வாசித்தார். பத்துத் தந்தி, ஐந்து ஜோடி.

மறுபாதி, மீட்டிய ஒலி சாகிற விதம். தேவாலய ஆர்கனில் விரல் இருக்கும்வரை ஒலி நிற்கும். கிட்டாரில் மீட்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடும். அடுத்த சுரம் வருவதற்குள் முந்தையது பாதி போயிருக்கும். யூல்மன் அந்த இடைவெளியை அவசரப்பட்டு நிரப்பவில்லை. பழைய சூப்பர் நின்டெண்டோ கேம் கருவியின் காலத்தில் இதைச் செய்வது கஷ்டம். ஒலிக்கென்று 64 கிலோபைட் நினைவகம், எட்டுக் குரல்கள். கிட்டார் என்றால் ஒரு சுரத்தின் சின்னத் துண்டை வெட்டி வைத்துக்கொள்வார்கள், தேய்கிற வால்பகுதி பெரும்பாலும் போய்விடும். சிடி வந்த பிறகுதான் ஒரு மனிதனின் கை முழுசாக உள்ளே வந்தது, தந்தியில் விரல் வழுக்கும் சத்தம் உட்பட.

எனவே கேள்விக்குறி சொன்ன கைவேலை என்பதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 'வெறும்' கைவேலை என்ற தொனி வேண்டாம் தம்பி. பாஸ்டியன் (2011) கேமின் பாடல்களை டேரன் கோர்ப் தன் வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்தார். அந்த அலமாரியிலிருந்து வந்த கிட்டாரைக் கேட்டு எத்தனை பேர் கலங்கியிருக்கிறார்கள்.

கேள்விக்குறி

'வெறும்' என்று நான் எழுதவில்லை அண்ணா. அந்தத் தொனி வந்திருந்தால் மன்னியுங்கள். பாஸ்டியனைச் சொன்னது நல்லது. அதில் கோயிலில் கடவுளரை அழைத்தால் எதிரிகள் இன்னும் பலமாகிவிடுவார்கள். கடவுளை அழைப்பதால் வாழ்க்கை கடினமாகிற ஒரே கேம் எனக்குத் தெரிந்து அதுதான்.

அகல்

நம்புகிறவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை.

இரவுவாசி

பாதுகாப்பான இடம் என்பதால்தான் அந்த உணர்வு என்ற வாதத்துக்கு வருகிறேன்.

2000இல் வந்த டயாப்லோ 2ஐ நினைத்துப் பாருங்கள். முதல் பாகத்து ஊருக்கு ஒரு கல்வட்டத்தின் வழியாகத் திரும்பப் போவோம். ஊர் எரிந்து கிடக்கும். நமக்கு வாள் செய்து கொடுத்த கொல்லர் கிரிஸ்வோல்ட் பிணமாக எழுந்து நம்மையே அடிக்க வருவார். கதை சொல்லும் கிழவர் கூண்டில் தொங்குவார். அங்கே பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை. ஆனால் ஒலிப்பது அதே கிட்டார். எனக்கு அங்கேதான் தொண்டை அடைத்தது. பாதுகாப்புதான் காரணம் என்றால் அந்த இடத்தில் இசை செத்திருக்க வேண்டும், அதற்கு மாறாக இரண்டு மடங்காகிவிட்டது.

கேள்விக்குறி

அது எனக்குச் சாதகமான சாட்சி. முதல் பாகத்தை ஆடிய உங்களுக்கு இரண்டு மடங்கு. என் அக்கா மகன் நேராக இரண்டாம் பாகத்தில் தொடங்கினான், அந்த ஊரை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனான், இசையைப் பற்றிக் கேட்டால் 'எந்த இசை?' என்றான். நினைவு இல்லாதவனுக்கு அங்கே ஒன்றும் இல்லை. எரிந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறவனின் துக்கம் அது. துக்கம் பெரிய விஷயம், அதைத் துக்கம் என்றே அழைப்போம்.

இரவுவாசி

அடி விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஃபைனல் ஃபேன்டசி 10 (2001). கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன், ஆடாதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

ஸ்பிரா என்ற உலகம். சின் என்ற பூதம் ஊர் ஊராக அழிக்கிறது. யெவன் மதம் என்ன சொல்கிறது? நம் பாவத்தால் வந்த தண்டனை இது, பாவம் தீர்ந்தால் சின் வராது. மக்கள் அதை நம்பிக் கும்பிடுகிறார்கள், சிலர் உயிரைக் கொடுக்க யாத்திரை போகிறார்கள். ஒவ்வொரு கோயிலிலும் ஒரு பாடல் கேட்கும். வாத்தியம் கிடையாது, தனிக்குரல், சிறுவன் குரலாக ஓரிடம், முதியவர் குரலாக வேறிடம். கடைசியில் தெரிகிறது, மதம் சொன்னது பொய். எத்தனை பாவம் தீர்ந்தாலும் சின் திரும்ப வரும். மேலே இருந்தவர்களுக்கு அது தெரியும்.

பொய் என்று வெளிப்பட்ட பிறகும் கடைசிப் போருக்கு முன்னால் எல்லோரையும் என்ன செய்யச் சொல்கிறார்கள்? அதே பாடலைப் பாடச் சொல்கிறார்கள். சின்னுக்குள் சிக்கியிருக்கும் மனிதனுக்கு அது பிடிக்கும், கேட்டால் அமைதியாவான் என்று. உலகம் முழுக்கப் பாடுகிறது. கடவுள் போன பிறகு பாட்டு மட்டும் மிஞ்சி நிற்கிறது. எனக்கு நேற்று நடந்தது அதுவேதான். நினைவு மட்டும் என்றால் அது ஏன் வேறெந்த நினைவின் வடிவத்திலும் வராமல் வழிபாட்டின் வடிவத்தில் வந்தது?

கேள்விக்குறி

நல்ல உதாரணம். ஆனால் அந்தப் பாட்டின் பிறப்பை விட்டுவிட்டீர்கள். வழியில் ஒரு வயதான அறிஞர் அடிக்கடி எதிர்ப்பட்டு வரலாறு சொல்வாரே, அவர் வாயால் வருகிறது. அது முதலில் யெவனின் பாட்டே அல்ல. யெவனை எதிர்த்தவர்கள் பாடியது. முதலில் தடுத்தார்கள், பிறகு மதமே அதைத் தன் வேதமாக ஏற்றுக்கொண்டது. மக்களின் பாட்டை மதம் எடுத்துக்கொண்டது, கடைசியில் மக்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். உலகமே பாடும் அந்தக் காட்சியில் வழிபாடு எங்கே இருக்கிறது? தவித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்குப் பிடித்த பாட்டைப் பாடி அவனை ஆற்றுகிறார்கள். தாலாட்டு மாதிரி.

உங்கள் கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. வழிபாட்டின் வடிவத்தில் ஏன் வந்தது என்றால், வழிபாடு அந்த வடிவத்தை எங்கிருந்து எடுத்ததோ அங்கிருந்தே அதுவும் வந்தது. பாட்டு மூத்தது, கோயில் இளையது.

அகல்

பாட்டு மூத்தது என்பது எனக்குச் சம்மதம். ஆனால் ஒன்று கேட்கிறேன், எதிர்த்தவர்கள் எதற்காகப் பாடினார்கள்? செத்தவர்களை நினைத்து, போன ஊரை நினைத்து, கேட்பவர் யாரென்று தெரியாமல் பாடினார்கள். அதைத்தான் நான் பிரார்த்தனை என்கிறேன். நிறுவனம் வருவதற்கு முன்பே அது இருந்தது, நிறுவனம் பொய்யான பின்பும் இருந்தது. பூசாரிகள் ஏமாற்றினார்கள் என்பதால் பாடியவர்கள் ஏமாளிகள் ஆகிவிட மாட்டார்கள். அந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே அது.

சிவிலைசேஷன் 4இன் முகப்பில் வரும் பாபா யெட்டு பாடலும் நினைவுக்கு வருகிறது. கிறிஸ்டோஃபர் டின் இசையமைத்தது. இயேசு கற்பித்த ஜெபம், ஸ்வாஹிலி மொழியில். கிராமி இசை விருது பெற்ற முதல் கேம் இசை அதுதான், 2011இல். இரவுவாசி சொன்னது போல உள்ளே ஏழு மதமும் ஒரே எந்திரம், ஆனால் வாசலில் உண்மையான பிரார்த்தனை ஒன்று நிற்கிறது. ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது, அப்படியும் ஆட்டத்தைத் தொடங்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பன்னிருதந்தி

அகல், இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஒகரினா ஆஃப் டைம் (1998) கேமின் ஆரம்பப் பதிப்புகளில் நெருப்புக் கோயில் இசையில் இஸ்லாமிய ஓதல் கலந்திருந்தது. ஆயத்த ஒலித் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்த துண்டு. பிந்தைய பதிப்புகளில் நீக்கிவிட்டு வேறு குரல் சேர்த்தார்கள். இசைத்தவர்களுக்கு அது 'பழமையாக ஒலிக்கும் ஒரு குரல்', ஓதுகிறவருக்கு அது வேதம். சொல் புரியாமல் ரசிப்பது எனக்கும் பிடிக்கும், ஆனால் யாருடைய பிரார்த்தனை நம் பின்னணி இசையாகிறது என்று பார்க்க வேண்டும்.

புதுவரவு

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. டயாப்லோ, ஃபைனல் ஃபேன்டசி எதுவும் ஆடியதில்லை. ஆனால் கேள்விக்குறி அண்ணா எல்லாம் பழைய நினைவுதான் என்று சொல்வதால் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு நினைவே இல்லாத ஓர் இசையில் இது நடந்தது.

அவுட்டர் வைல்ட்ஸ் (2019). ஆண்ட்ரூ பிராலோ இசை. இதில் கடவுளே கிடையாது. ஒரு சின்ன சூரிய மண்டலம், மரத்தால் செய்த மாதிரி ஒரு கப்பல், 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும், மறுபடி தொடங்கிய இடத்திலேயே கண்விழிப்போம். யாரோ செய்த சதி என்று நினைத்துத் தேடினேன். கடைசியில் தெரிந்தது, யாரும் எதுவும் செய்யவில்லை. பிரபஞ்சத்துக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். தண்டனை இல்லை, பாவம் இல்லை, கேட்பதற்கும் யாரும் இல்லை.

நமக்கு முன்னால் போன பயணிகள் ஐந்து பேர் ஆளுக்கொரு இடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பான்ஜோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் ஹார்மோனிகா, ஒருவர் பறைகள், நிலாவில் இருப்பவர் வெறுமனே சீட்டியடிப்பார். நம்மிடம் ஒலி பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. ஒருவர் இருக்கும் திசையில் திருப்பினால் அவருடைய வாத்தியம் மட்டும் கேட்கும். ஒருநாள் தற்செயலாக ரொம்பத் தூரம் வெளியே போய்விட்டேன். திரும்பிப் பார்த்துக் கருவியை எடுத்தால் ஐந்தும் ஒரே நேரத்தில் கேட்டன. ஐந்தும் ஒரே பாட்டு. அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கவே முடியாது, அவ்வளவு தூரம், ஆனாலும் ஒரே பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் அப்படியே மிதந்தேன் என்று தெரியாது. சூரியன் வெடித்தது, நான் நகரவில்லை. முதல் தடவை கேட்ட இசை, வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத கேம். எந்தப் பதினைந்து வயதும் அதில் இல்லை.

கேள்விக்குறி

புதுவரவு, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். நானும் அதை ஆடியிருக்கிறேன். இந்த விவாதத்தில் அதை ஏன் நினைக்கவில்லை என்று தெரியவில்லை.

எல்லாம் நினைவுதான் என்ற என் வாதம் இங்கே நிற்காது. திரும்பப் பெறுகிறேன். பாதுகாப்பு என்பதும் நிற்காது, 22 நிமிடத்தில் எல்லாம் போகப்போகிற இடத்தில் என்ன பாதுகாப்பு?

ஆனால் பெயரை மட்டும் விட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். அப்பா இறந்த வாரம். வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு ஆறுதல். எல்லாம் அவன் செயல் என்றார்கள், அவருக்கு அங்கே வேலை இருக்கிறது, அழைத்துக்கொண்டான் என்றார்கள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் கல்லூரி நண்பன் ஒருவன் வந்தான். ஒன்றும் பேசவில்லை. மாடியில் உட்கார்ந்து அவன் கிட்டாரில் நாங்கள் சேர்ந்து ஆடிய கேம் ஒன்றின் இசையை மெதுவாக வாசித்தான், ஒரு மணி நேரம் இருக்கும். அன்றுதான் அழுதேன். கீழே வந்ததும் உறவினர் ஒருவர் சொன்னார், 'பார்த்தாயா, கடவுள்தான் அவனை அனுப்பியிருக்கிறார்' என்று.

அனுப்பவில்லை. அவன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரவு முழுக்கப் பயணம் செய்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அந்த இரவுப் பயணத்தை அவனிடமிருந்து எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அந்த ஐந்து பேர் வாசிப்பதையும் யாராவது அப்படி எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்றுதான் நான் ஒவ்வொரு முறையும் சண்டைக்கு நிற்கிறேன்.

அகல்

அப்படிச் சொன்னவர் செய்தது தவறு. அவர் பக்கம் நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். நானும் சாவு வீடுகளில் அப்படிப் பேசியிருக்கிறேன், நல்லது செய்வதாக நினைத்து. இனி பேச மாட்டேன். முதல் நன்றி வந்தவனுக்குத்தான்.

என் நம்பிக்கை அதனால் மாறவில்லை. அவன் வந்ததில் நான் காண்பதை நீங்கள் காண வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்து பேர் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே பாட்டை வாசிக்கிறார்கள் என்று அந்தத் தங்கையோ தம்பியோ எழுதியதைப் படித்தபோது நான் கும்பிடும் நேரம்தான் நினைவுக்கு வந்தது. எனக்கு முன்னாலும் பக்கத்திலும் யார் கும்பிடுகிறார்கள், அவர்களுக்கு என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பங்கை வாசித்துவிட்டு வருகிறேன்.

இரவுவாசி

'வழிபாடு' என்று தொடங்கியவன் நான். கேள்விக்குறியின் பதிவுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் முன்னால் பயன்படுத்த மனம் வரவில்லை. எனக்குள் அது அப்படித்தான் வந்தது, அதை மாற்றிச் சொல்லவும் முடியவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் புரிகிறது. கணக்குப் பார்க்கும் கடவுள்களைப் பற்றி நான் எழுதியதில் பாதி, என் பழைய நம்பிக்கை மீதான கோபம். கோபித்துக்கொண்டு விடவில்லை என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை போலிருக்கிறது. கேட்டது கிடைக்கவில்லை என்றுதான் விட்டேன்.

பன்னிருதந்தி அண்ணாவிடம் ஒரு கேள்வி. வீட்டில் ஆறு தந்தி கிட்டார் ஒன்று வருடக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. டிரிஸ்ட்ரமை அதில் வாசிக்க முடியுமா? அந்த ஒலி வருமா?

பன்னிருதந்தி

வாசிக்கலாம். அந்த மயிரிழை அலை வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். முதலில் தந்திகளை மாற்றுங்கள், வருடக்கணக்காகக் கிடந்தவை துருப்பிடித்திருக்கும். பிறகு வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். சுரம் பிடித்த இடது விரலை அடுத்த சுரம் வரும்வரை எடுக்காதீர்கள், ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும், எடுத்தால் ஒலி அறுந்துவிடும். கீழ்த்தந்திச் சுரம் வரும்போது கை எட்டினால் அதன் மேல்ஸ்தாயிச் சுரத்தையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள், கொஞ்சம் கிட்டே வரும். பின்னால் பன்னிரண்டு தந்தி வாங்கினால் அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்கிச் சுருதி வையுங்கள், கிட்டாரின் கழுத்துக்கு அத்தனை இழுவை நல்லதில்லை.

முதல் எட்டு அடி வந்ததும் பதிவு செய்து இங்கே போடுங்கள். தவறு இருந்தாலும் பரவாயில்லை.

கேள்விக்குறி

நானும் கேட்க வேண்டும். போட்டதும் சொல்லுங்கள்.